வலிக்காத கழுத்து

கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம் திருவண்ணாமலையில் எங்கள் பிசியோதெரபி நிலையத்துக்குக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். மலை உச்சி 2,668 அடி. மாலை ஆறு மணிக்கு மகா தீபம் ஏற்றப்படும் என்று தெரிந்தாலும், ஊரும் வெளியூரும் வெகுநேரம் முன்பிருந்தே அண்ணாந்தபடி நிற்கும். வந்தவர்கள் அதற்கு முன்பே 217 அடி ராஜகோபுரத்தின் அடியில் நின்று பதினோரு நிலைகளையும் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். தலையைப் பின்னால் சாய்த்தால் கழுத்து எலும்புகளின் பின்பக்கம் நெருங்குகிறது; கைக்குப் போகும் நரம்புகள் வெளியே வரும் துளைகள் சுருங்குகின்றன. இளம் வயதில் இது பெரிய விஷயமே இல்லை. துளை ஏற்கெனவே குறுகிப்போனவர்களுக்கோ, அந்தக் கொஞ்ச நேரமே தோளிலிருந்து விரல் நுனி வரை வலியை இழுத்துவிட்டுவிடுகிறது.

நான் இந்த ஊர்க்காரி. பிசியோதெரபி படித்துவிட்டு இங்கேயே தொழில் செய்கிறேன். கழுத்து வலி என்று வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு எக்ஸ்ரே உறை இருக்கும். "எலும்பு தேஞ்சி போச்சாம் மேடம், இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாம்" என்று உட்காரும்போதே கண் கலங்கும். அவர்களிடம் நான் முதலில் எக்ஸ்ரேயை வாங்குவதில்லை. சட்டைப் பட்டன் போட முடிகிறதா, நடக்கும்போது தடுமாற்றம் உண்டா என்று கேட்கிறேன். கழுத்து வலியோடு வந்தவரிடம் பட்டனைப் பற்றிக் கேட்டால் வியப்பாகத்தான் பார்ப்பார்கள். அந்தக் கேள்வி எதற்கு என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

கழுத்தில் ஏழு எலும்புகள். மேலே உள்ள இரண்டுக்கு நடுவில் மட்டும் வட்டு கிடையாது. மற்றவற்றுக்கு இடையில் ஒவ்வொரு வட்டு, அதாவது டிஸ்க், உண்டு. சிறு வயதில் அதன் நடுப்பகுதி பெரும்பாலும் தண்ணீர்தான். இளநுங்கு எப்படித் தளதளவென்று இருந்து முற்ற முற்ற நீர் வற்றிக் கெட்டிப்படுகிறதோ, வட்டும் அப்படித்தான். நீர் வற்றிய வட்டின் உயரம் குறைகிறது. எலும்புகள் நெருங்குகின்றன, விளிம்புகளில் புதிதாக எலும்பு முளைக்கிறது. பின்னால் உள்ள தசைநார்கள் தடிக்கின்றன. இந்த மொத்த மாற்றத்துக்கும் சர்வைகல் ஸ்பாண்டிலோசிஸ் என்று பெயர். ஐந்தாவது ஆறாவது எலும்புக்கு நடுவிலும், ஆறாவது ஏழாவது எலும்புக்கு நடுவிலும்தான் இது மிகுதி. கழுத்து அதிகம் மடங்கி நிமிரும் இடம் அது.

இது யாருக்கு வருகிறது? அநேகமாக எல்லோருக்கும். 1990இல் அமெரிக்காவில் ஸ்காட் போடன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், எந்தத் தொந்தரவும் இல்லாத 63 பேரின் கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களில் கிட்டத்தட்ட 60 சதவீதம் பேருக்கு வட்டு தேய்ந்தோ ஒடுங்கியோ இருந்தது. 2015இல் ஜப்பானில் நலமாக இருந்த 1,211 பேரைப் பார்த்தபோது 87.6 சதவீதம் பேருக்கு வட்டு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்த இளைஞர்களிலேயே பெரும்பாலோருக்கு அப்படித்தான். இவர்கள் யாருக்கும் வலி இல்லை. அதனால்தான் எக்ஸ்ரே உறையோடு அழுகிறவர்களிடம் சொல்கிறேன்: அந்தப் படத்தில் தெரிவது உங்கள் வயது. படத்தில் தேய்மானம் இருப்பதாலேயே கை விளங்காமல் போய்விடாது. அந்தத் தேய்மானம் எதை அழுத்துகிறது என்பதுதான் கேள்வி.

அழுத்தப்படக்கூடியவை இரண்டு. ஒன்று, கழுத்திலிருந்து பக்கவாட்டில் கிளம்பும் நரம்பு வேர். கழுத்தில் இப்படி எட்டு ஜோடிகள் உண்டு. இன்னொன்று, எலும்புக் குழாயின் நடுவே இறங்கும் தண்டுவடம். முதலாவது வலியால் கூப்பாடு போடும். இரண்டாவது சத்தமே போடாது.

முதலாவதை ஒரு பூக்காரம்மா வழியாகச் சொல்கிறேன். கோயில் வாசலில் பூ கட்டி விற்கிறவர். விடியற்காலையில் மார்க்கெட்டில் பூ வாங்கி வந்து தரையில் உட்கார்ந்தால், மதியம் நடை சாத்தும் வரை தலை குனிந்தபடியே இருக்கும். ஒரு நாள் நடு இரவில் இடது தோளிலிருந்து கை வழியாகக் கட்டைவிரல் வரை நெருப்பாக எரிந்திருக்கிறது. நெஞ்சுதான் என்று பயந்து வீட்டில் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அது மிகச் சரியான காரியம். இடது கை வலி என்றால் முதலில் இதயத்தைப் பார்த்துவிட வேண்டும், குறிப்பாக நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குதல், நடந்தால் வலி கூடுதல் என்று ஏதாவது இருந்தால். இவருக்கு ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. சில நாள் கழித்து என்னிடம் வந்தார்.

"கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துக்கெடக்கு. நாரு பிடிச்சா பிடிச்ச மாதிரியே இல்ல" என்றார். கூட வந்த மாமியார் வேறொரு புகார் சொன்னார்: "எப்பப் பாரு தலை மேல கைய வெச்சிக்கிட்டு உக்கார்றா. எவ்வளவோ சொல்லிட்டேன், வீட்டுக்கு ஆகாதுன்னு." நம் வீடுகளில் தலையில் கை வைத்தால் திட்டுவிழும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கழுத்து நரம்பு அழுந்தினவர்களில் பலருக்கு, கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால்தான் வலி தணியும். கையைத் தூக்கும்போது நரம்பு வேரின் இழுவிசை குறைகிறது. நரம்பியல் பாடநூல்கள் இதை ஒரு அடையாளமாகவே குறித்து வைத்திருக்கின்றன. அந்த மாமியாரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "கொஞ்ச நாளைக்கு அவங்களைத் திட்டாதீங்கம்மா, அதுதான் அவங்களுக்கு மருந்து."

எந்த விரல் மரக்கிறது என்பதை வைத்து எந்த நரம்பு என்று ஓரளவு சொல்லிவிடலாம். கட்டைவிரல் பக்கம் என்றால் ஆறாவது நரம்பு. நடுவிரல் என்றால் ஏழாவது. இதுதான் அதிகம் மாட்டிக்கொள்வது, கூடவே கையை நீட்டித் தள்ளும் பலமும் குறையும். சுண்டுவிரல் பக்கம் என்றால் எட்டாவது. தோளைப் பக்கவாட்டில் தூக்க முடியாவிட்டால் ஐந்தாவது. கட்டைவிரலும் நடுவிரலும் மணிக்கட்டில் நரம்பு அழுந்தினாலும் மரக்கும். அப்போது இரவில் தூக்கம் கலைந்து கையை உதறினால் சரியாகும். கழுத்தைத் திருப்புவதால் ஒரு மாற்றமும் தெரியாது.

இந்த வலி எவ்வளவு கொடுமையானாலும், பெரும்பாலும் போய்விடும். இதைச் சொல்ல எனக்குத் துணையாக இருப்பது ஒரு பெரிய ஆய்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் இயக்குநராகப் பின்னர் இருந்த நரம்பியல் நிபுணர் கே. ராதாகிருஷ்ணன், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்பு வேர் அழுந்திய 561 பேரின் பதிவுகளைத் திரட்டி 1994இல் வெளியிட்டார். ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் 83 பேருக்கு இது வந்திருந்தது. நால்வரில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கடைசியாகப் பார்த்தபோது 90 சதவீதம் பேர் தொந்தரவே இல்லாமலோ லேசான தொந்தரவோடோ இருந்தார்கள்.

பூக்காரம்மாவுக்கு நாங்கள் செய்தது எளிமையானதுதான். மருத்துவர் கொடுத்த வலி மாத்திரை சில வாரம். முகவாயை உள்ளே இழுத்து நிறுத்தும் பயிற்சி. நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலையை அசைக்காமல் எதிர்த்துத் தள்ளும் பயிற்சி. தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்க்கும் பயிற்சி. தலைக்கு ஒரே ஒரு மெல்லிய தலையணை. பூக்கூடையை ஒரு மணை மேல் தூக்கி வைத்து, சுவரில் முதுகு சாய்த்து உட்காரச் சொன்னேன். கழுத்துப் பட்டையைச் சில வாரங்கள் போட்டார். பட்டை போடுவது தவறில்லை. 2009இல் வெளியான ஒரு டச்சு ஆய்வில், புதிதாக வந்த கை வலிக்கு முதல் ஆறு வாரங்களில் பட்டையும் பயிற்சியும் சம அளவில் உதவியிருந்தன. ஆனால் மாதக் கணக்கில் அதைப் போட்டுக்கொண்டே திரிந்தால் கழுத்துத் தசை சோம்பிப் போகும். அப்படி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குனிந்தே வேலை செய்கிறவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். ஆரணியில் பட்டுத் தறியில் உட்கார்கிறவர்கள், தையல்காரர்கள், மல்லாட்டை மூட்டையும் நெல் மூட்டையும் சுமக்கிறவர்கள், சும்மாடு வைத்துச் செங்கல் சுமக்கும் சித்தாள் பெண்கள். கானா, சியரா லியோன் நாடுகளில் 1990களில் தலைச்சுமை தூக்குகிறவர்களின் எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டபோது, சுமக்காதவர்களைவிட அவர்களுக்குக் கழுத்துத் தேய்மானம் அதிகம் இருந்தது. கைப்பேசியைப் பற்றிக் கேட்கிறார்கள். நம் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ. கைப்பேசியை 60 டிகிரி குனிந்து பார்த்தால் கழுத்தில் ஏறும் விசை சுமார் 27 கிலோ என்று கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 2014இல் கணக்கிட்டார். அது கணினிக் கணக்கு, மனிதரிடம் அளந்தது இல்லை. குனியாதே என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. குனிந்தால்தான் இவர்களுக்குச் சோறு. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து தோளைச் சுழற்றுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

இனி, சத்தம் போடாத இரண்டாவது. என் கவலையெல்லாம் இதில்தான் இருக்கிறது.

தண்டுவடம் இறங்கும் குழாய் கழுத்தில் சராசரியாக 17 மில்லிமீட்டர் அகலம், முன்பின்னாக. 13க்குக் கீழே போனால் நெருக்கடி. சிலருக்குப் பிறவியிலேயே குழாய் சிறியது. அதில் வட்டும் எலும்பு முளையும் தடித்த தசைநாரும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் தண்டுவடம் நசுங்குகிறது. அதற்குள் ரத்த ஓட்டமும் குறைகிறது. இதன் பெயர் மைலோபதி. லண்டனில் ரஸ்ஸல் பிரெய்ன் என்ற நரம்பியல் நிபுணரும் அவருடைய சகாக்களும் 1952லேயே இதை விரிவாக எழுதிவிட்டார்கள். ஆனாலும் இன்றுவரை இது தாமதமாகத்தான் பிடிபடுகிறது; இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வில், முதல் அறிகுறியிலிருந்து நோய் கண்டுபிடிக்கச் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. காரணம், கழுத்து வலி இல்லாமலே இது வரலாம். வலி இல்லாத கழுத்தை யார் காட்டப் போகிறார்கள்?

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். பல ஆண்டுகளாகப் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர். அவரை என்னிடம் அழைத்து வந்தது அவர் மனைவி. முழங்கால் பயிற்சிக்கு என்று வந்தார்கள். "கால வெச்சு வெச்சு நடக்கிறாரு மேடம். முன்ன எல்லாம் நான் ஓடணும் இவரு கூட. இப்ப என் தோளைப் பிடிச்சிக்கிறாரு." ஐயாவைக் கேட்டேன். கால் பஞ்சு மேல் வைப்பது போல இருக்கிறது என்றார். சர்க்கரை இருந்தது, அதனால் எல்லோரும் சர்க்கரைதான் காரணம் என்றே விட்டுவிட்டார்கள்.

அவருக்குச் செருப்பு கழன்று விழவில்லையா என்று கேட்க நினைத்தேன். மைலோபதி உள்ளவர்களிடம் வழக்கமாகக் கிடைக்கும் முதல் தடயம் அது. நடக்கும்போது செருப்பு காலிலிருந்து நழுவுவதே தெரியாது. ஆனால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அவர் வெறுங்காலோடு நடக்கிறவர். வீட்டிலும் செருப்பு இல்லை. இந்த ஊரில் அந்தத் தடயம் கிடைக்காது. அதனால் வேறு மாதிரி கேட்டேன்: பாதையில் கல் குத்தினால் தெரிகிறதா? இருட்டில் நடக்கக் கஷ்டமா? அவர் மனைவி சட்டென்று சொன்னார்: "நிருதி லிங்கத்துல கண்ண மூடிக் கும்பிட்டாரு, அப்படியே சாஞ்சாரு. நான் பிடிச்சிக்கிட்டேன்." எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி தண்டுவடத்தின் பின்பகுதி வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. அது தடைப்பட்டால் கண்ணை வைத்து ஈடுகட்டுவோம். கண்ணை மூடினால் சாய்வோம். சந்நிதியில் கண் மூடி நிற்கும்போது தள்ளாடுவதும், முகம் கழுவும்போது தடுமாறுவதும் வயதானதால் மட்டும் வருவதில்லை.

பிறகு கைகள். கை நிறைய நோட்டை வைத்துக்கொண்டு ஓடுகிற பஸ்ஸில் சில்லறை எண்ணிக் கொடுத்தவர், இப்போது இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியவில்லை. பட்டனை மனைவி போட்டுவிடுகிறார். பத்து விநாடிக்குள் கையை மூடி மூடித் திறக்கச் சொன்னேன். நலமாக இருப்பவர்கள் இருபது தடவையாவது செய்வார்கள். அவரால் அதில் பாதிகூட முடியவில்லை. விரல்களைச் சேர்த்து நீட்டினால் சுண்டுவிரல் தானாக விலகியது. நடுவிரல் நகத்தைச் சுண்டினால் கட்டைவிரல் மடங்கியது. முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் எகிறியது. சர்க்கரையால் நரம்பு கெட்டால் இந்த அனிச்சைத் துடிப்பு குறையும்; இங்கே கூடியிருந்தது. வைட்டமின் பி12 குறைந்தாலும் இப்படித் தள்ளாட்டம் வரும் என்பதால் ரத்தத்தில் அதையும் பார்க்க வேண்டும். அன்று நான் அவருக்கு ஒரு பயிற்சியும் கொடுக்கவில்லை. கழுத்தை இழுக்கும் டிராக்‌ஷன் மேஜைப் பக்கமே விடவில்லை. நரம்பு அறுவை மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். எம்.ஆர்.ஐ.யில் இரண்டு இடங்களில் தண்டுவடம் தட்டையாகி, ஓரிடத்தில் உள்ளே பாதிப்பு வெள்ளையாகத் தெரிந்தது.

நம் பகுதிக்கு ஒரு கொடுப்பினை உண்டு. இங்கிருந்து 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல், வேலூர் சி.எம்.சி. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கிய இடம் அது. அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். வேலூரில் வி. ராஜசேகரும் அவர் குழுவினரும், தண்டுவடத்தை அழுத்தும் எலும்பின் நடுப்பகுதியை முன்கழுத்து வழியாக அகற்றி, அந்த இடத்தில் நோயாளியின் சொந்த எலும்பையே வைத்து, உலோகத் தகடு பொருத்தாமல் செய்யும் அறுவையின் பலன்களை உலக மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். தகட்டின் செலவு மிச்சமாவது நம் ஊர் மக்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. பல இடங்களில் அழுத்தம் இருந்தால் பின்பக்கமாகக் குழாயைத் திறந்து அகலப்படுத்துவார்கள்; ஜப்பான் மருத்துவர்கள் 1970களில் செம்மைப்படுத்திய முறை அது.

கழுத்தில் ஆபரேஷன் என்றதும் வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள். "கை கால் விளங்காம போயிடுமாமே" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆபத்து இல்லாத அறுவை எதுவும் இல்லை. ஆனால் மிதமான அல்லது கடுமையான மைலோபதியில் அறுவை செய்துகொள்ளாமல் இருப்பதுதான் பெரும்பாலும் அதிக ஆபத்து. 2017இல் வந்த உலக அளவிலான வழிகாட்டுதலும் அறுவையையே பரிந்துரைக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: இது கெடுவதை நிறுத்தும் அறுவை. போனது எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு சீக்கிரம் போனோம் என்பதைப் பொறுத்தது. கண்டக்டர் ஐயாவுக்கு அறுவைக்குப் பின் நடை தேறியது. விரல் மரப்பு கொஞ்சம் தங்கிவிட்டது. எங்கள் நிலையத்தில் நாணயம் பொறுக்கும் பயிற்சி செய்து, பட்டனை மெதுவாகத் தானே போட்டுக்கொள்கிறார். ஒரு வருடம் முன்பே வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருப்பார் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் இருக்கிறது.

சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுப்பதை நிறுத்துங்கள். சுளுக்கு எடுக்கிறேன் என்று தலையைத் திருப்புகிறவர்களிடமும் போகாதீர்கள். குழாய் குறுகிய கழுத்தில் அந்த ஒரு திருப்பு தண்டுவடத்தைக் காயப்படுத்திவிடும். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்களும் மருத்துவ ஏடுகளில் உண்டு. வயதானவர் குளியலறையில் நெற்றி அடிபட விழுந்தபின் கால் நன்றாக இருந்து கைகள் மட்டும் தூக்க முடியாமல் போனால், அதுவும் கழுத்துத் தண்டுவடம்தான். தைலம் தேய்த்துக் காத்திருக்காமல், தலையை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

கை நாளுக்கு நாள் பலம் குறைந்தால், தலை குனியும்போது முதுகு வழியாக ஷாக் அடிப்பது போல் இறங்கினால், சிறுநீரை அடக்க முடியாமல் அவசரப்பட்டால், காய்ச்சலோடு கழுத்து வலி வந்தால், முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாகக் கழுத்து வலி வந்தால், தூங்க விடாத ராத்திரி வலி இருந்தால், என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டிடம் வருவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். நம் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது பழைய எக்ஸ்ரேயையும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். எந்த அறுவைக்குச் செல்லும் என்று அங்கேயே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளலாம். கூட்டத்தில் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: பட்டன் போட முடிகிறதா, சாவி திருக முடிகிறதா, கையெழுத்து மாறிவிட்டதா, இருட்டில் நடக்க முடிகிறதா, சிறுநீர் கட்டுப்படுகிறதா. சீட்டில் "கழுத்து வலி" என்று மட்டும் எழுதியிருந்தால், இவற்றையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள்.